வங்கக் கடலை அளந்த கப்பல்கள்

இரண்டாம் உலகப் போரில் ஓடிய ‘கிஸ்ட்னா’ போர்க்கப்பல், 1962-இல் அறிவியலுக்காகக் கடலில் இறங்கியது. சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுக்கு இந்தியா அனுப்பிய கப்பல்களுள் அது ஒன்று. பல நாடுகளின் சுமார் 40 கப்பல்கள் அந்த ஆய்வில் பங்கேற்றன.

அக்கால ஆய்வுக் கப்பல்களில் கம்பிவடத்தில் நான்சென் குப்பிகளைக் கோத்து இறக்குவார்கள். மேலிருந்து ஓர் எடையை நழுவவிட்டால், குப்பிகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து அந்தந்த ஆழத்து நீரோடு மூடிக்கொள்ளும். அந்நீரின் உப்பைச் சில்வர் நைட்ரேட்டாலும், ஆக்சிஜனை 1888-இல் வேதியியலாளர் விங்க்ளர் வகுத்த முறையாலும் சொட்டுச் சொட்டாக அளந்தார்கள்.

ஆனால் கடல்நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு எளிதில் பிடிபடாது. குப்பிக்குள் நுண்ணுயிர்கள் சுவாசித்தாலே அளவு மாறிவிடும். அதனால் மெர்குரிக் குளோரைடு கலந்து அவற்றைக் கொன்ற பிறகே நீரைச் சேமிப்பார்கள். ஓடும் கப்பலிலேயே அளக்க வேறு வழி உண்டு. கடல்நீரோடு காற்றைச் சமநிலைக்கு வரவிட்டு, அக்காற்றை அகச்சிவப்புக் கருவியில் சோதிப்பார்கள். 1957-இல் ‘வீமா’ கப்பலில் ஆய்வாளர் தாரோ தகாஹாஷி அட்லாண்டிக்கை அப்படித்தான் அளந்தார்.

1966 ஜனவரி 1 அன்று தேசியக் கடலியல் நிறுவனம் பிறந்தது. 1983-இல் ‘சாகர் கன்யா’ ஆய்வுக் கப்பல் வந்தது. 1994 முதல் 1997 வரை நடந்த ஆய்வுகள், அரபிக்கடலின் மத்தியப் பகுதி ஆண்டு முழுவதும் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுவதைக் காட்டின. வங்கக் கடலோ வேறு மாதிரி. 1991-இல் எடுத்த அளவுகளைக் கொண்டு, அது அந்த வாயுவை உள்வாங்குவதாக 1996-இல் இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

காரணம் ஆறுகள். நன்னீர் கடல்மேல் மெல்லிய படலமாகப் பரவி, கார்பன் டை ஆக்சைடு மிகுந்த அடிநீர் மேலே வராமல் தடுக்கிறது. திட்டக்குடியைத் தொட்டு ஓடும் வெள்ளாறும் சேத்தியாத்தோப்பு, புவனகிரி கடந்து பரங்கிப்பேட்டையில் இதே கடலில்தான் சேர்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின உயராய்வு மையம் இருப்பதும் அங்கேதான்.

எல்லா ஆறும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. வங்கக் கடலில் கங்கை நீர் பரவும் வடமேற்குக் கரையோரம் வாயுவை உள்வாங்க, தீபகற்ப ஆறுகள் கலக்கும் தென்மேற்குக் கரையோரம் வெளிவிடுகிறது என்று 2012-இல் வெளியான ஆய்வு கண்டது.

தமிழகக் கரையில் ஐப்பசி, கார்த்திகையில்தான் வெள்ளம் பெருகும், புயலும் அப்போதுதான். அளவீடு மிகத் தேவைப்படும் மாதங்களே கப்பலுக்குக் கடினமானவை. சென்னையிலிருந்து இயங்கும் ‘சாகர் நிதி’ போன்ற கப்பல்களுக்கு அந்த மாதங்களில் கூடுதல் நாட்கள் ஒதுக்கினால்தான் நம் கரையோரக் கணக்கு முழுமை பெறும்.