ஐந்து மணிக்குப் பிறகு

1878ஆம் ஆண்டுக் கோடையில், பாரிசில் கடற்படை அமைச்சகத்தில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தா தன் ஆசானுக்குக் கடிதம் எழுதினார். எல்லாமே சலிப்பாக இருக்கிறது, நடப்பதெல்லாம் ஒரே மாதிரி நடக்கிறது, எழுதலாம் என்றால் சொற்றொடர்களில்கூடப் போதிய வகை இல்லை. இதுதான் புலம்பல். ஆசான் ஆறுதல் சொல்லவில்லை. பெண்கள், படகு ஓட்டம், உடற்பயிற்சி என்று அளவுக்கு மீறிப் போகிறது என்று திட்டினார். மாலை ஐந்திலிருந்து மறுநாள் காலை பத்து வரை உன் நேரம்தானே, அதை எழுத்துக்குக் கொடு என்றார்.

ஆசான் குஸ்தாவ் ஃப்ளாபேர். குமாஸ்தா கய் த மாப்பசான். ‘நெக்லஸ்’ கதையை நம்மில் பலர் பள்ளியிலேயே படித்திருப்போம், அதே மாப்பசான்தான்.

வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிற எல்லோருக்கும் அந்தப் புலம்பல் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் இந்த இருவரின் கதையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

மாப்பசானுக்கு ஃப்ளாபேர் கிடைத்தது அதிர்ஷ்டம். அவருடைய அம்மா லோரும், இளம் வயதிலேயே இறந்துபோன தாய்மாமன் ஆல்ஃபிரட்டும் ஃப்ளாபேரின் இளமைக்கால நண்பர்கள். இந்த உறவு இல்லையென்றால் அந்தக் கதவு திறந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனா கதவு திறந்ததும் கிடைத்தது பாராட்டு இல்லை. உனக்குத் திறமை வருமா என்று எனக்குத் தெரியாது, உழை என்று சொல்லிவிட்டார் ஃப்ளாபேர்.

ஏழு வருஷம் உழைத்தார். கவிதை, சிறுகதை, நெடுங்கதை, தானே வெறுத்த ஒரு நாடகம் என்று எழுதியதையெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பார். அடுத்த ஞாயிறு மதிய உணவின்போது விமர்சனம் நடக்கும். இடையில் ஒன்றிரண்டு புனைபெயரில் வெளிவந்தன, அவ்வளவுதான். அந்த ஏழு வருஷ எழுத்தில் எதுவும் மிஞ்சவில்லை என்று 1880களின் பிற்பகுதியில் ‘பியேரும் ழானும்’ நாவலுக்கு எழுதிய முன்னுரையில் மாப்பசானே சொல்கிறார்.

ஃப்ளாபேர் கொடுத்த பயிற்சியும் அந்த முன்னுரையில்தான் இருக்கிறது. வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு மளிகைக்கடைக்காரரைப் பார். வேறு எந்த மளிகைக்கடைக்காரரோடும் குழப்பிக்கொள்ள முடியாதபடி அவரை எனக்குக் காட்டு. வண்டி நிறுத்தத்தில் ஐம்பது குதிரைகள் நிற்கின்றன. அதில் ஒன்று மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதை ஒரே சொல்லில் சொல்.

கேட்க எளிதாக இருக்கும். சில வருஷங்களுக்கு முன் என் கதை ஒன்றைத் தோழி ஒருத்தியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “இதுல வர்ற டீக்கடை எந்த ஊர்லயும் இருக்கலாமேடா” என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தேன். தினமும் டீ குடிக்கிற கடைதான், ஆனா மாஸ்டர் எந்தக் கையால் ஆற்றுவார் என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

1880 ஏப்ரலில் ‘மெதான் மாலைகள்’ என்ற தொகுப்பு வந்தது. எமிலி ஸோலா உட்பட ஆறு பேர் எழுதிய போர்க்கதைகள். அதில் மாப்பசானின் கதை ‘பூல் த சுயிஃப்’. பிரஷ்யப் படை பிடித்த ருவான் நகரிலிருந்து ஒரு குதிரை வண்டி கிளம்புகிறது. பசித்திருக்கும் கனவான்களுக்குத் தன் கூடையிலிருந்து உணவு தருகிறாள் ஒரு பாலியல் தொழிலாளி. தங்கள் பயணம் தடைபடாமல் இருக்க அவளை எதிரி அதிகாரியிடம் போகவைக்கும் அதே ஆட்கள், மறுநாள் தங்கள் உணவில் ஒரு வாய்கூட அவளுக்குத் தருவதில்லை.

1870 போரில் இருபது வயதில் சேர்ந்து, தோற்றோடும் படையோடு பின்வாங்கியவர் மாப்பசான். கதை அந்தப் பின்வாங்கலில்தான் தொடங்குகிறது. ஆக, கதைக்கான பொருள் பத்து வருஷமாக அவரிடமே இருந்தது. அதைப் பார்க்கும் கண்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது. அவர் வெறுத்த அலுவலகத்துக்கும் இதே கதைதான். ‘நெக்லஸ்’ கதையின் கணவன் கல்வி அமைச்சகக் குமாஸ்தா. மாப்பசான் பின்னாளில் மாறிப்போன அமைச்சகம் அது.

‘பூல் த சுயிஃப்’ அச்சாகும் முன்பே படித்துவிட்டு, இது மகத்தான படைப்பு என்று எழுதினார் ஃப்ளாபேர். தொகுப்பு வெளியான மூன்று வாரத்தில், மே 8ஆம் தேதி, இறந்துபோனார்.

அப்படியென்றால் எதையும் வெளியிடாமல் ஏழு வருஷம் காத்திருக்க வேண்டுமா? அப்படிச் சொல்ல மாட்டேன். அதே 1880இல் ரஷ்யாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த செகாவ், குடும்பத்தைக் காப்பாற்ற நகைச்சுவை இதழ்களில் எழுதத் தொடங்கினார். ஒரு இதழில் நூறு வரிதான் இடம். எழுதியதில் பலவும் உடனுக்குடன் அச்சேறின. 1886இல் மூத்த எழுத்தாளர் கிரிகோரோவிச், இந்த அவசரத்தை விட்டுவிடு, உன் திறமையை மதி என்று கடிதம் எழுதினார். ஒரு கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவிட்டதாக நினைவில்லை என்று செகாவ் பதிலில் ஒப்புக்கொண்டார். அதன்பின் மெதுவாக எழுதினார். இரண்டு வருஷத்தில் ‘ஸ்டெப்பி’ வந்தது.

ஒருவர் வெளியிடாமல் கற்றார், இன்னொருவர் வெளியிட்டே கற்றார். இரண்டு இடத்திலும் இருந்தது, முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்ன ஒரு வாசகர். அதைக் கேட்டுக்கொண்டு மறுபடி எழுத உட்கார்ந்த ஒரு இளைஞர். இன்று நமக்குப் பதிவிட இடம் இருக்கிறது, ‘அருமை’ என்று சொல்ல ஆட்களும் இருக்கிறார்கள். அந்த வாசகர்தான் அபூர்வம். கிடைத்தாலும் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

அந்த டீ மாஸ்டர் இடக்கையால்தான் ஆற்றுவார். மறுநாள் போய்ப் பார்த்தேன். கதையை மாற்றி எழுதினேன். தோழி படித்துவிட்டு, “கடை இப்ப சரி. அந்த அம்மா பாத்திரம்தான் யார்னே தெரியல” என்றாள்.

இந்த முறை கோபப்படவில்லை. அம்மாவுக்கு போன் செய்தேன்.