வெயிலுக்குப் பிறந்த ஈஸ்ட்

பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் ஒரு சர்க்கரை ஆலை, அரியலூர்ப் பக்கம் சாத்தமங்கலத்தில் இன்னொன்று. எந்த ஆலையானாலும் ஒரு டன் கரும்பை அரைத்தால், சர்க்கரை போக 40 கிலோவுக்குச் சற்று மேல் மொலாசஸ் மிஞ்சும். இனி சர்க்கரையாக உறையாது என்ற நிலைக்கு வந்துவிட்ட கறுப்புப் பாகு அது. ஆனாலும் அதன் எடையில் ஏறக்குறைய பாதி இன்னும் இனிப்புதான். வடிசாலைக்குப் போனால் ஒரு டன் மொலாசஸிலிருந்து 220 லிட்டர் அளவுக்கு எத்தனால் எடுத்துவிடலாம். அந்த இனிப்பை ஆல்கஹாலாக மாற்றுவது ஈஸ்ட். அதற்கு நம் ஊர் வெயில் ஆகாது.

வடிசாலைகளில் வழக்கமாக விடப்படும் ஈஸ்ட் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. ரொட்டிக்கும் பீருக்கும் இதுதான். 30 டிகிரியைச் சற்றுத் தாண்டிய சூட்டில் மும்முரமாக வேலை செய்யும்; 38க்கு மேல் தளர்ந்துபோகும். நொதித்தலோ தானே சூட்டைக் கிளப்பும் வேலை. தொட்டியைக் குளிர்விக்காமல் விட்டால் ஈஸ்ட் தன் சூட்டிலேயே வெந்துவிடும். குளிர்விக்கக் கோபுரத்திலிருந்து தண்ணீர் வருகிறது. ஆனால் காற்றில் ஈரம் கூடிய நாளில் அந்தக் கோபுரம் தண்ணீரை ஓர் அளவுக்கு மேல் குளிரவிடாது. கத்திரி வெயிலில், வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, கிணறுகள் வற்றிக் கிடக்கும்போது, தொட்டியைக் குளிர்விக்க மட்டுமே எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம்! குளிரில் பழகிய ஈஸ்டுக்காக வெயில் நாடு கட்டும் வரி என்றே இதைச் சொல்வேன்.

வெயிலைத் தாங்கும் ஈஸ்டும் இருக்கிறது. க்ளூய்வெரோமைசிஸ் மார்க்சியானஸ் என்பது அதன் பெயர். 1888இல் டென்மார்க்கின் ஹான்சன் அதை விவரித்து, திராட்சையிலிருந்து அதைப் பிரித்தெடுத்த மார்க்ஸ் என்பவரின் பெயரையே சூட்டினார். பால், தயிர் வகைகளிலும் இது வாழும். பாலின் சர்க்கரையைக்கூடத் தின்னும். நூறாண்டுக்கு மேலாக எரிபொருள் உலகம் இதைப் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்க்க வைத்தது இந்தியாவின் ஒரு வடிசாலை. அங்கே எடுத்த மாதிரிகள் வட அயர்லாந்தின் கோல்ரெயினுக்கு, அல்ஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போயின. இப்ராஹிம் பனாத், பூனம் நிகம், ரோஜர் மார்ச்சன்ட் மூவரும் அவற்றிலிருந்து பிரித்த ஈஸ்டுகள் 52 டிகிரியிலும் வளர்ந்தன. 45இலும் 50இலும் எத்தனால் தந்தன. 1992இல் கட்டுரை வெளியானது. அவற்றில் ஒன்றுக்கு ஐஎம்பி3 என்று பெயர். நம் உலைக்களத்தில் பிழைத்துக்கிடந்த உயிர், குளிர் நாட்டின் ஆய்வகத்தில்தான் பேர் வாங்கியது. அங்கே அதை ஆல்ஜினேட் மணிகளுக்குள் அடைத்து வளர்த்தார்கள், மொலாசஸ் கொடுத்தார்கள், நொதிகளைக் கூடச் சேர்த்து, 45 டிகிரியில் செல்லுலோஸிலிருந்துகூட ஆல்கஹால் எடுத்தார்கள்.

பிறகு அது திரும்பி வந்தது. தலேல் சிங்கும் அல்ஸ்டர் குழுவினரும் ஓர் இந்திய வடிசாலையில் தொழிற்சாலை அளவிலேயே ஐஎம்பி3ஐ ஓட்டிப் பார்த்து, 1998இல் முடிவை வெளியிட்டார்கள். ஆய்வகக் குடுவைக்குள் வெற்றி பெற்று அங்கேயே நின்றுவிடும் நுண்ணுயிர்கள் ஏராளம். அப்படி நிற்காமல் இது தொழிற்சாலைத் தொட்டிவரை வந்தது என்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

ஆனாலும் வடிசாலைகள் பழைய ஈஸ்டை விடவில்லை. காரணம் உண்டு. மார்க்சியானஸ் சூட்டைத் தாங்கும், ஆல்கஹாலை அவ்வளவாகத் தாங்காது. ஆறேழு சதவீதத்தில் களைத்துவிடும். செரிவிசியே பத்தைத் தாண்டும். ஆல்கஹால் குறைந்த கரைசலைக் காய்ச்ச நீராவி கூடுதலாக வேண்டும், கழிவுநீரும் பெருகும். குளிர்விப்பில் மிச்சப்பட்டது கொதிகலனில் போய்விடும்.

ஆகவே மறுபக்கத்திலிருந்தும் முயன்றார்கள். ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் யென்ஸ் நீல்சன் குழுவினர் செரிவிசியேவையே 40 டிகிரியை ஒட்டிய சூட்டில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். பிழைத்தவற்றின் செல்சவ்வில் ஸ்டெரால் கொழுப்பு மாறியிருந்ததை 2014இல் 'சயின்ஸ்' இதழில் காட்டினார்கள். சூடு தாங்குவதன் சூட்சுமம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதற்கு அது நல்ல தடயம்.

இப்போது இந்தக் கதையில் மக்காச்சோளமும் சேர்ந்திருக்கிறது. தமிழகத்தில் மக்காச்சோளத்துக்குப் பேர்போன மாவட்டம் பெரம்பலூர். விளைச்சலில் பெரும்பங்கு கோழித்தீவனத்துக்குப் போகிறது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்ற இலக்குக்காக நாடெங்கும் மக்காச்சோளம் வடிசாலைகளுக்குள் நுழைந்துவிட்டது. அதன் மாவுச்சத்தை 85, 90 டிகிரியில் இளக்கவேண்டும். அடுத்து அதைச் சர்க்கரையாக்கும் நொதி 60 டிகிரியில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். ஈஸ்டுக்காக அதையும் 32க்கு இறக்கி, நொதியை மந்தமாக ஓடவிடுகிறார்கள். 42, 45 டிகிரியில் வேலை செய்து, பத்து சதவீத ஆல்கஹாலையும் தாங்கும் ஓர் ஈஸ்ட் கிடைத்தால் நொதியும் வேகமாக ஓடும், தண்ணீரும் மிஞ்சும். அதைத் தேட வேண்டிய இடம் நம் ஆலைகளின் மொலாசஸ் தொட்டி ஓரங்களும் வடிசாலைக் கால்வாய்களும். தேட வேண்டிய மாதம் மே.