என்பும் முகமும்

வவுனியா மாவட்டச் செயலகத்தின் முன்னே நிற்கும் பண்டாரவன்னியன் சிலையைக் கண்ட என் மாணவன் ஒருவன், "இதுதான் அவனுடைய உண்மை முகமோ?" என வினவினான். வரலாறு கற்பிப்போர் விடையிறுக்கத் தயங்கும் வினாக்களுள் இஃதொன்று. 1803 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றியவன் அவன் என அறிவோம். அவ்வாண்டு ஒக்டோபர் 31 இல் கப்டன் வொன் டிறிபேக் அவனைத் தோற்கடித்தான் என்பதைக் கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல் கூறிற்று. அவனது நெற்றி அகன்றதோ, கன்னம் ஒட்டியதோ, அப்போது அவனுக்கு வயது எத்துணையோ, இவற்றை எக்கல்லும் கூறவில்லை. நேரிற் கண்டு வரைந்த படமும் நமக்குக் கிட்டிற்றில்லை. சிலையின் முகம் சிற்பி அளித்த கொடையேயாம்.

மண்டையோடு கிடைக்குமாயின் முகத்தை மீட்டல் கூடுமோ? ஜே. பி. லூயிஸ் என்பார் வன்னி மாவட்டங்களைப் பற்றிய தமது கைந்நூலை வெளியிட்ட அதே 1895 ஆம் ஆண்டிலே, ஜேர்மனி நாட்டு லீப்சிக் நகரத்து உடற்கூற்றுப் பேராசிரியர் வில்ஹெல்ம் ஹிஸ் இவ்வினாவுக்கு ஒரு விடையை வெளியிட்டார். 1750 இல் மறைந்த இசைமேதை யொகான் செபஸ்தியன் பாக்கின் என்புகள் எனக் கருதப்பட்டவை அதற்கு முந்திய ஆண்டில் தோண்டியெடுக்கப்பட்டிருந்தன. ஹிஸ், சிறியதோர் இறப்பர் வட்டத்தை ஊசியிலே கோத்து, பிரேதங்களின் முகத்தில் என்பு தட்டும்வரை அவ்வூசியைச் செலுத்தி, வட்டம் நின்ற இடத்தைக்கொண்டு தசையின் தடிப்பை அளந்தார். அவ்வளவுகளின்படி காள் செஃப்னர் என்னும் சிற்பி மண்டையோட்டின் வார்ப்பின்மேல் முகம் சமைத்தார். அளக்கப்பட்ட இருபத்தெண்மருள் ஆடவர் 24 பேர், பெண்கள் நால்வரே. பாக் ஆடவராதலின் அக்குறை அன்று உறுத்தவில்லை. ஒரு பெண்ணின் முகத்தைச் சமைக்க வேண்டியிருப்பின் அந்நால்வரையே நம்பியிருத்தல் வேண்டும்.

என்புக்கும் தோலுக்கும் இடையிலுள்ள மென்னிழையம் எங்கும் ஒரே தடிப்பினதன்று. நெற்றியில் அது நான்கைந்து மில்லிமீற்றர் அளவினதே. கீழ்க்கன்னத்திலோ பன்மடங்கு பெருகும். ஆடவர்க்குப் புருவமேடு, மூக்கின் அடி, வாய், தாடை ஆகியவற்றிலே சற்றுத் தடிப்பு மிகும். பெண்டிர்க்குக் கன்னவென்பின்மேல் மிகும். எனினும் இவ்வேறுபாடு பெரும்பாலும் ஓரிரு மில்லிமீற்றரைத் தாண்டுவதில்லை. இரு ஆடவரிடையே காணும் வேறுபாடு பலவேளைகளில் இதனினும் பெரிது. வயதின் செயல் இன்னும் நுட்பமானது. இளமையிற் கன்னத்தை நிரப்பிய கொழுப்பு முதுமையிற் குறைந்தும் கீழிறங்கியும் போகும், உதடு மெலியும், மூக்கின் நுனி தாழும், காதும் நீளும். பல் விழுந்தால் அதனைத் தாங்கிய என்பு கரைய, வாய் உட்குழிந்து நாடி முன்வந்ததுபோலத் தோன்றும். நம் பாட்டிமாரின் முகத்தை நோக்கியவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

பிரேதத்தை மல்லாத்திக் கிடத்தி அளப்பதிலே கன்னத் தசை காதுப்பக்கம் சரிந்துவிடும் என்பதும் பின்னாளில் உணரப்பட்டது. 2006 இல் பெல்ஜியத்து ஆய்வாளர், உயிரோடிருந்த 967 வளர்ந்தோரின் முகத்திலே 52 இடங்களைக் கழியொலிக் கருவியால் அளந்து வெளியிட்டனர். ஆண் பெண் என்பதையும் வயதையும் விட, உடல் பருத்ததோ மெலிந்ததோ என்பதே தடிப்பை மிகுதியாக மாற்றுகிறது என்பது அதனாற் புலனாயிற்று. மண்டையோடோ, தன்னைச் சுமந்தவன் உண்டு வாழ்ந்தானோ பட்டினி கிடந்தானோ என்பதைத் தெளிவாகக் கூறுவதில்லை.

தமிழரின் தொல்முகம் ஒன்றைக் காணும் வேட்கை அண்மையில் ஒருவாறு நிறைவேறியது. கீழடிக்கு அணித்தாயுள்ள கொந்தகை ஈமக்காட்டில் எடுக்கப்பட்ட இரு ஆடவர் மண்டையோடுகளைக்கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜோன் மூர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் சமைத்த முகங்கள் 2025 இல் வெளிவந்தன. இருவரும் ஐம்பது வயதளவில் இறந்தோராகக் கணிக்கப்பட்டமையால், அவ்வயதுக்குரிய தளர்ச்சி முகத்திற் சேர்க்கப்படுதல் முறையே. ஆயின் மக்கள் வாதிட்டது தசையைப் பற்றியன்று, நிறத்தைப் பற்றியே! மண்டையோட்டின் வடிவம் தோலின் நிறத்தை உரைக்காது. அவ்வாதத்தில் எப்பக்கத்தார் வென்றாலும் கொந்தகையார்க்கு ஊதியமில்லை.

வன்னிக்கு இக்கலை வெறும் பழங்கதையன்று. 2023 யூன் மாதத்திலே முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க நிலத்தை அகழ்ந்தபோது மனித என்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கட்டளையின்படி நிகழ்ந்த அகழ்வு 2024 யூலையில் முடிவுற்றபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. பெண்களின் உடைகளும் அவற்றிடையே இருந்தன. இடுப்பென்பு ஆண் பெண் என்பதையும், பல்லும் என்பின் முனைகளும் வயதையும் ஓரளவு காட்டும். முகத்தைச் சமைப்பதாயின் எவர் அட்டவணையைக் கைக்கொள்வது? நன்கு உண்டு வளர்ந்த ஐரோப்பியரின் சராசரித் தசையை, 2009 இல் உணவின்றி மெலிந்த வன்னி மக்களின் மண்டையோட்டில் இட்டால், பெற்ற தாயும் அம்முகத்தை அறியாள். ஆதலின் சமைத்த முகம் தேடலுக்கு ஒரு துணையே. ஆளை உறுதிசெய்வன மரபணுவும் பற்பதிவுமேயாம்.

காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் படங்களை ஏந்தி அமர்ந்தனர். அப்படங்களில் முகங்கள் மூப்படைவதில்லை. 2009 இல் பத்தொன்பது வயதினளாயிருந்தவள் உயிரோடிருப்பின் 2025 இல் முப்பத்தைந்து வயதினள். கன்னமும் கண்ணின் கீழிமையும் மாறியிருக்கும். இறந்திருப்பின் அவளது என்பு அப்படத்தின் வயதிலேயே நின்றுவிட்டிருக்கும். ஒரே படத்தை இருவகையாக நோக்க வேண்டிய நிலையில் அத்தாய் இருக்கின்றாள். படத்தின் பின்புறத்திலே அஃது எடுக்கப்பட்ட ஆண்டையும் அப்போதைய வயதையும், உடல் பருத்திருந்ததோ மெலிந்திருந்ததோ என்பதையும் எழுதிவைக்குமாறு, என் மாணவருள் இத்தகைய படம் தொங்கும் வீட்டினரிடம் கூறி வருகிறேன். ஒப்பிட்டு நோக்குவோர்க்கு அவை வேண்டும்; அவற்றை நினைவிற் கொண்டிருப்போர் முதியோராயினர்.