கோவின் இல்

அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துபோய்ப் படி ஏற முடியாது. விடியற்காலையில் கூடத்து ஊஞ்சலில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். ஒருநாள் காப்பிக்குக் கூப்பிட்டபோது, கண்ணைத் திறக்காமலே "இருடா, இப்பதான் கொடிமரம் தாண்டினேன்" என்றார். மனசுக்குள் ஊர்க் கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நந்தியின் மழுங்கிய வலது காதைத் தடவிவிட்டுத்தான் மேலே நடப்பாராம். இது எத்தனை வருடமாக நடக்கிறது என்று கேட்டேன். "அதை யார் எண்ணினா?" என்றார். அன்றிலிருந்து கோயில் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது.

கோ என்றால் அரசன். இல் என்றால் வீடு. நன்னூல் விதிப்படி ஓகாரத்துக்குப் பின் வகரம் வந்து 'கோவில்' என்றுதான் ஆக வேண்டும். யகரம் போட்ட 'கோயில்' பழைய நூல்களிலேயே ஊறிவிட்டது. இரண்டும் சரி என்பதே என் கட்சி. சிலப்பதிகாரத்தில் கண்ணகி நீதி கேட்டுப் போனது பாண்டியனின் கோயிலுக்கு, அதாவது அரண்மனைக்கு. அதே காப்பியத்தில் புகார் நகரத்துச் சிவனும் முருகனும் இருக்கும் இடங்களும் கோயில்கள்தாம். சொல் இரண்டு வீடுகளிலும் ஒரே சமயத்தில் குடியிருந்த காலம் அது. கேரளத்தில் பழைய பொருள் இன்னும் சாகவில்லை. நிலம்பூர்க் கோவிலகம் என்றால் அரச குடும்பத்தின் வீடு.

தெய்வம் இருந்த இடத்துக்குக் கோட்டம், நகர், நியமம், தளி என்று வேறு சொற்களும் இருந்தன. கோயில் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. சைவர்கள் வெறுமனே கோயில் என்றால் சிதம்பரம், வைணவர்கள் சொன்னால் ஸ்ரீரங்கம்.

அரசன் வீட்டுப் பெயர் சாமி வீட்டுக்கு வந்தபோது தனியாக வரவில்லை. குடை, சாமரம், பள்ளியெழுச்சி எல்லாம் கூடவே வந்தன. வாசலில் நிற்பவனின் ஏக்கமும் வந்தது. அரண்மனை வாசலில் நிற்பவனுக்கு அரசன் தன்னை ஏறெடுத்துப் பார்க்க வேண்டும். பார்த்ததை நாலு பேர் பார்க்க வேண்டும். பரிவட்டம் யாருக்கு முதலில், தேர்வடம் யார் தொட்டபின் யார் தொடுவது என்று ஊர்கள் இரண்டுபட்டது இந்த ஏக்கத்தால்தான். நானும் விலக்கல்ல. தெரிந்தவர் யாராவது பிராகாரத்தில் தென்பட்டால் கூடுதலாக ஒரு சுற்று சுற்றியிருக்கிறேன். அந்தச் சுற்று எந்தக் கணக்கில் சேரும் என்ற கேள்வி இன்னும் உறுத்துகிறது.

இந்த ஏக்கத்தைக் கல்லிலேயே காணலாம். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலை 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் மணற்கல்லில் எழுப்பினான். பிராகாரத்தைச் சுற்றி வரிசையாகச் சிறு சந்நிதிகள். அவற்றில் அவனுடைய நூற்றுக்கணக்கான பட்டப்பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. சுற்றி வருகிறவன் சிவனைச் சுற்றுகிறானோ, அரசனின் பெயர்களைச் சுற்றுகிறானோ! அழகில் குறையே சொல்ல முடியாத கோயில், அதை மனசாரச் சொல்கிறேன்.

அந்தக் கற்றளியைக் கட்டிய ராஜசிம்மன்தான் பூசலார் என்ற சிவனடியாரின் கதையில் வரும் காடவர் கோமான், அதாவது பல்லவ அரசன், என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் சொன்ன கதை. திருநின்றவூர்ப் பூசலார் சிவனுக்குக் கோயில் கட்டப் பொருள் தேடினார். காசு திரளவில்லை. மனசுக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். மனத்தால் கல்லும் மரமும் சேர்த்து, தச்சரைத் தேடி, நாள் பார்த்து அடிநிலை போட்டு, இரவிலும் கண்ணுறங்காமல் சிகரம்வரை கொண்டுவந்து, சுதை பூசி, குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அரசன் தன் கற்றளிக்குக் குறித்ததும் அதே நாள். சிவன் கனவில் வந்து, நாளை பூசலின் கோயிலுக்குள் போகிறோம், உன்னுடையதைத் தள்ளி வை என்றார்.

அரசன் நின்றவூருக்கு வந்து விசாரித்தான். பூசலார் இங்கே எந்தக் கோயிலும் கட்டவில்லை என்றது ஊர். கதையில் என்னை மிகவும் தொட்ட இடம் இதுதான். பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. விவரம் கேட்ட பூசலார் மருண்டார். தன்னையும் ஒரு பொருட்டாக இறைவன் எண்ணினானே என்று நெகிழ்ந்தார். எதிரே அரசனே நின்றதற்கு அந்த நெகிழ்ச்சியில் ஒரு பங்கும் இல்லை. எந்தக் கோவின் வீட்டுக்கு முதலில் இந்தப் பெயர் இருந்ததோ, அந்தக் கோ, சுவரே இல்லாத ஒரு கோயிலின் முன்னால் தரையில் விழுந்து வணங்கிவிட்டு ஊர் திரும்பினான்.

அதற்குப் பிறகாவது அரசனிடம் பொருள் கேட்டுக் கல்லில் ஒன்று கட்டியிருக்கலாம். பூசலார் கேட்கவில்லை. தாம் குறித்திருந்த அதே வேளையில் உள்ளே குடமுழுக்கை நடத்தி, காலமெல்லாம் உள்ளேயே பூசை செய்தார்.

இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். அரசன் வந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கிணறு வெட்டினாரா? அபிஷேகத்துக்குத் தண்ணி வேணுமே" என்றார்.

"வெட்டினார்மா. குளமும் எடுத்தார்."