காகத்துக்கு மருத்துவம், தாதிக்கு?

மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியில் இருக்கும் நாலந்தாவைத் தமிழர் பலரும் அங்குள்ள கெடிகே என்னும் கற்கோயிலுக்காகவே அறிவர். மாமல்லபுரத்தை நினைவூட்டும் அக்கட்டடம், மகாவலித் திட்டத்தில் போவதென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது கல் கல்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டது. ஆனால் நாலந்தாவுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கஜபாகுவோடு பொருதிய பராக்கிரமபாகுவின் படைத்தளமாக விளங்கிய இடம் அது.

அப்போர்களுக்குப் பின் 1153இல் பொலன்னறுவையின் அரியணை ஏறிய அம்மன்னன், பல நூறு நோயாளர் தங்கத்தக்க வைத்தியசாலை ஒன்றை நிறுவியதாகச் சூளவம்சம் கூறுகிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அடியானும் ஓர் அடியாளும் நியமிக்கப்பட்டனர். இரவும் பகலும் மருந்தும் உணவும் ஆயத்தம் செய்வது அவர்கள் கடமை. மாதந்தோறும் நான்கு உபோசத நாட்களில் மன்னனே நேரில் வந்து நோயாளரைப் பார்த்தானாம். முகத்தில் புண்ணோடு வந்த காகம் ஒன்றுக்கு அவன் கட்டளைப்படி சிகிச்சை அளித்து, குணமானபின் யானைமீது ஏற்றி நகர்வலம் செய்வித்த கதையும் அதிலேயே உண்டு. இரவும் பகலும் விழித்திருந்த அந்த அடியாட்கள் எப்போது உறங்கினர், நோயுற்றால் அவர்களை யார் பார்த்தனர் என்பது பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை.

இந்த மௌனம் நெடுங்காலம் நீடித்தது. கிரிமியப் போர்க்களத்துக்கு 1854இல் சென்ற புளோரன்ஸ் நைட்டிங்கேல் அடுத்த ஆண்டே கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். நாடு திரும்பியபின் பல ஆண்டுகள் படுக்கையிலிருந்தே எழுதினார். உலகம் நினைவில் வைத்ததோ அவர் கை விளக்கை.

தாதியரின், தமிழக வழக்கில் செவிலியரின், உடல்நலம் பேரளவில் ஏட்டில் ஏறியது 1976இல்தான். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ஸ்பைசர் தொடங்கிய ஆய்வில் 1,21,700 தாதியர் இணைந்தனர். கருத்தடை மாத்திரையின் விளைவை அறிவதே முதல் நோக்கம். நோயைத் துல்லியமாக எழுதித் தரக்கூடியவர்கள் என்பதற்காகவே தாதியரைத் தேர்ந்தனர். அவர்களது புகைப்பழக்கம், உணவு, நடை, உறக்கம் அனைத்தும் பதிவாயின. செயற்கைக் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்று 1993இல் உலகுக்குச் சொன்னதும் அவர்கள் நிரப்பிய படிவங்களே.

பிறருக்குப் பயன்பட்ட அந்த அறிவு, தாதியருக்கு எட்டாமல் நின்ற இடம் இரவுப் பணி. நேரத்துக்கு உண்ணுங்கள் என்று நோயாளிக்குச் சொல்பவர், தாம் உண்ணும் நேரத்தைத் தீர்மானிக்க இயலாது. இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு என்று மாறும்போது உடற்கடிகாரம் குழம்புகிறது. பத்திரிகையில் இரவுப் பதிப்புக்காக விழித்தவர்களுக்கு இது விளங்கும். எங்களுக்காவது எதிரே தேநீர்க்கடை இருந்தது, வார்டைவிட்டு அகல முடியாதவருக்கு அதுவுமில்லை. 30 ஆண்டுகளும் அதற்கு மேலும் இவ்வாறு சுழல்முறையில் இரவுப் பணி செய்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக இருந்ததை இதே ஆய்வு 2001இல் காட்டியது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒருமித்துப் பேசவில்லை. எனினும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல், உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியைப் புற்றுநோய்க்கு ஏதுவாகக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2019இல் அதை உறுதிசெய்தது.

அதையொட்டி டென்மார்க், மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான பெண்கள் சிலருக்கு இழப்பீடு வழங்கியது. வாரத்துக்கு ஓரிரவேனும் என்று 20 ஆண்டுகளுக்கு மேல் விழித்திருக்க வேண்டும் என்பது அப்போதைய நிபந்தனை.