தோட்ட டிராக்டரின் வரலாறும் மறுவாழ்வும்

 

நம் காலனியில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கையகல நிலம் இருந்தாலும் அதில் ஒரு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் வைக்காத தமிழ்க் குடும்பம் இல்லை. ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்த பின்னும் மண்ணை விட்டு வராதவர்கள் நாம். அந்த நிலத்தைக் கொத்த ஒரு மண்வெட்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். ஆனால் வீட்டைச் சுற்றி ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலம் கிடந்தால் என் செய்வது? மண்வெட்டிக்கு அது பெரிது. வயலுழும் பெரிய டிராக்டருக்கோ அது சிறிது. இவ்விடைவெளியை நிரப்ப அமெரிக்க நாட்டில் வளர்ந்ததே தோட்ட டிராக்டர் என்னும் சிறு பொறி. அதன் வரலாற்றையும், அறுபது ஆண்டு கடந்த பொறிகள் பழுது நீங்கி மீண்டும் வீட்டு வேலை செய்யும் வகையையும் இம்மலரில் எழுத விழைகிறேன். ரயில்வே ஸ்டோர்ஸில் உதிரி பாகங்களின் கணக்கெழுதும் எனக்கு இப்பொருளில் ஏன் இத்துணை ஈடுபாடு என்பது கட்டுரையின் முடிவில் விளங்கும்.

தோற்றம்

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கிரேவ்லி என்பவர் வாழ்ந்தார். அவர் உழவரல்லர்; பொறியியல் வல்லுநருமல்லர்; தொழிலால் புகைப்படக்காரர். தம் தோட்டத்தில் கைக்கலப்பையைத் தள்ளித் தள்ளிச் சலித்த அவர், 'இந்தியன்' என்னும் மோட்டார் சைக்கிளின் பாகங்களைக் கொண்டு அக்கலப்பைக்கு ஓர் எஞ்சினைப் பூட்டினார். (அப்பெயர் அந்நாட்டுப் பழங்குடி மக்களைக் குறிப்பதேயன்றி நம்மைக் குறிப்பதன்று!) 1916இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1922இல் டன்பார் என்னும் ஊரில் கம்பெனி தொடங்கப்பெற்றது. முதலில் வந்தது ஒற்றைச் சக்கரப் பொறி. ஏரின் பின் உழவன் நடப்பது போலவே இதன் பின்னும் மனிதன் நடக்க வேண்டும். மாட்டுக்குப் பதில் எஞ்சின் இழுக்கும், அவ்வளவே.

பழைய பாகங்களைக் கொண்டே பிறந்த பொறி இது என்பதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

போருக்குப் பின்

இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் வீடு திரும்பினர். அவர்கள் வீடு வாங்கக் கடன் பெறுவதற்கு அரசு உறுதி நிற்கும் சட்டம் 1944இலேயே இயற்றப்பட்டிருந்தது. நகரங்களுக்கு வெளியே புது வீடுகள் எழுந்தன. வீட்டைச் சுற்றிப் புல்வெளியும் காய்கறித் தோட்டமும் விரிந்தன. கோடையில் புல் வெட்ட வேண்டும். வசந்தத்தில் நிலத்தைக் கிளற வேண்டும். குளிர்காலத்தில் வாயிலை மூடும் பனியைத் தள்ள வேண்டும். இத்தனைக்கும் ஏற்ற ஒரு பொறியை மக்கள் தேடினர்.

1946இல் இண்டியானா மாநிலத்து சௌத் பெண்ட் நகரில் எல்மர் பாண்ட் என்பவர் தம் வீட்டுக் கார் கொட்டகையில் சிறு டிராக்டர்கள் செய்யலானார். அவர் மகன் செசில் பாண்ட் அத்தொழிலைப் பெருக்கினார். அப்பொறிக்கு 'வீல் ஹார்ஸ்' என்று பெயர். வண்டியில் பூட்டிய குதிரைகளுள் சக்கரத்தை அடுத்து நின்று பளுவைத் தாங்கும் குதிரைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. பொருத்தமான பெயரன்றோ?

பெரிய கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. வயல் டிராக்டர்களில் புகழ் பெற்ற இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1947இல் 'ஃபார்மால் கப்' என்னும் சிறிய டிராக்டரை வெளியிட்டிருந்தது. 1961இல் அதனினும் சிறிய 'கப் கேடட்' சந்தைக்கு வந்தது. அதன் எஞ்சின் கோலர் கம்பெனியின் 7 குதிரைத்திறன் எஞ்சின். 1963இல் ஜான் டியர் கம்பெனி தன் '110' என்னும் பொறியைக் கொணர்ந்தது. அதிலும் கோலர் எஞ்சினே. ஒரே எஞ்சின் பல கம்பெனிகளின் பொறிகளில் அமர்ந்த இச்செய்தி, பின்னாளில் எத்துணைப் பெரும் பயன் விளைத்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கம்பெனி போயிற்று, பொறி நின்றது

1970களில் ஜப்பானின் சிறு டீசல் டிராக்டர்கள் அமெரிக்காவில் கால் ஊன்றின. மற்றொரு புறம், தகட்டை அழுத்திச் செய்த மலிவான புல்வெட்டும் வண்டிகள் கடைகளில் குவிந்தன. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1981இல் கப் கேடட் தொழிலை விற்றது. சில ஆண்டுகளில் வயல் டிராக்டர் தொழிலையும் விற்று, 1986இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. அதே ஆண்டில் வீல் ஹார்ஸ் டோரோ கம்பெனியின் கைக்கு மாறியது.

ஆயினும் விற்ற பொறிகள் மறைந்துவிடவில்லை. கொட்டகை மூலைகளிலும் மரத்தடிகளிலும் துருவேறிக் கிடந்தன. தந்தை ஓட்டியதை மகனும், பாட்டன் ஓட்டியதைப் பேரனும் வெளியே இழுத்துத் துடைத்துப் பார்க்கலாயினர்.

புத்துயிர் ஊட்டும் வகை

பழம்பொறியைப் புதுக்குவோர் இரு வகையினர். காட்சிக்கு வைப்போர் ஒரு வகை. அவர்களுக்கு வண்ணமும் பளபளப்பும் முதன்மை. வேலை வாங்குவோர் மற்றொரு வகை. அவர்களுக்கு வண்ணம் கடைசி, பிரேக் முதன்மை. நான் கூறுவது இரண்டாம் வகையினரின் முறை.

நெடுநாள் கிடந்த எஞ்சினை எடுத்தவுடன் சுழற்றுதல் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்துக் கையால் மெல்லத் திருப்ப வேண்டும். அது சுழன்ற பின் மூன்று கேள்விகள்: தீப்பொறி உண்டா? எரிபொருள் வருகிறதா? அழுத்தம் நிற்கிறதா?

தீப்பொறி இல்லையெனில் பெரும்பாலும் குற்றம் பாயிண்டில் இருக்கும். அதன் முகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இடைவெளியைக் கோலர் எஞ்சினுக்குரிய 0.020 அங்குலத்தில் நிறுத்த வேண்டும்; பழைய கண்டென்சரை மாற்றுதல் நலம். எரிபொருள் வரவில்லையெனில், டாங்கியின் துருவையும் கார்புரேட்டரில் பிசினாக உறைந்த பழைய பெட்ரோலையும் நீக்க வேண்டும். இக்காலத்து அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதால், அக்கால ரப்பர்க் குழாய்கள் அதனைத் தாங்கா, அவற்றையும் மாற்றுவர். அழுத்தம் இல்லையெனில் வால்வுகளைத் தேய்த்து அமர்த்த வேண்டும். அதற்கும் மசியாவிடில் சிலிண்டரை ரீபோர் செய்ய வேண்டும். கோலர் எஞ்சின் வார்ப்பிரும்பாலானது. எனவே 0.010, 0.020, 0.030 அங்குலம் என மும்முறை குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட இடமுண்டு. மூன்று வாழ்நாளை முன்கூட்டியே எண்ணி வார்த்தவர் எவரோ, அவர் பாராட்டுக்குரியவர்.

பின்னர் ஆயில் சீல், பெல்ட், டயர், பிரேக் என ஒவ்வொன்றாய்ப் பார்க்க வேண்டும். பழம்பொறிகளில் ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் கிடையாது. சுழலும் கத்தியுடைய பொறியில் அஃது இல்லாமை பேராபத்து. ஆகலின் குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் வேலைக்கு விடுவோர் அச்சுவிட்சைத் தாமே பொருத்திக்கொள்வர். பழமையைப் போற்றுதல் வேறு. பழைய குறையையும் சேர்த்துப் போற்றுதல் வேறு.

நமக்குரிய பாடம்

இவ்வளவும் எவ்வாறு இயலுகிறது? இரும்பின் உறுதி ஒரு காரணம்; ஆனால் அது போதாது. ஒரே எஞ்சின் பல பொறிகளில் அமைந்ததனால் ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்துகிறது. மரையைக் கழற்றினால் பாகம் தனியே வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்களை அச்சிட்ட கையேடுகளை மக்கள் எறியாமல் காத்தனர். கம்பெனி மறைந்த பின்னும் அவ்வெண்ணைச் சொல்லிப் பாகம் கேட்கவும், கேட்டவருக்குச் செய்து கொடுக்கவும் முடிகிறது.

இங்கே என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓரிடத்தில், தோட்டத்துக்கு நீர் இறைத்த சிறிய பம்பு எஞ்சின் ஒன்று நின்றுபோயிற்று. பழகிய ஃபிட்டர் வந்து பார்த்து, "கார்புரேட்டர் மிதவை ஒன்று கிடைத்தால் போதும் ஐயா, நாளைக்கே ஓட்டிவிடுவேன்" என்றார். நான் பின் கார்டைப் பார்த்தேன். இருப்பு இல்லை என்றிருந்தது. அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை. எஞ்சின் 'கண்டம்' என்று பட்டியலில் எழுதியது என் கையே. ஏலத்தில் அது பழைய இரும்பாகப் போன சில மாதங்களுக்குப் பின், இருப்புச் சரிபார்க்கையில் வேறோர் எண்ணின் கீழ்த் தவறாக வைத்த பெட்டியில் இரண்டு மிதவைகள் இருக்கக் கண்டேன். உறையும் பிரியாத புது மிதவைகள். அவற்றைக் கண்ட ஃபிட்டர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று நான் அறிந்தது இது: பொறியின் ஆயுளை இரும்பு மட்டும் முடிவு செய்வதில்லை, கணக்கெழுதுபவன் பேனாவும் முடிவு செய்கிறது. 1855இல் லீட்ஸ் நகரில் செய்த நம் 'ஃபேரி குவீன்' நீராவி எஞ்சின், 1997இல் மீண்டும் பயணிகளை இழுத்து ஓடியதைக் கேட்டு நாம் பெருமை கொண்டோம். அத்தகைய பெரும்பேறு எல்லாப் பொறிக்கும் கிட்டாது. ஆயினும் நம் வீட்டுத் தையல் மெஷினுக்கும், மாவரைக்கும் கிரைண்டருக்கும், பம்புக்கும் ஒரு சிறு பேறு நாம் அளிக்கலாம். வாங்கும்போது வரும் கையேட்டைப் பத்திரப்படுத்துங்கள். 'இனி உதவாது' என்று சொல்லுமுன் ஒரு முறை திறந்து பாருங்கள். அலமாரியையும் திறந்து பாருங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!