கடலடியில் ஊதியமில்லாப் பணி: பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்பின் வளர்ச்சி

பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் 1953 அக்டோபர் 15 அன்று லண்டனில் தொடங்கப்பட்டது. ஆஸ்கர் கூகனும் பீட்டர் ஸ்மாலும் அதன் நிறுவனர்கள். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்புதான் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் முதுகில் சுமக்கும் காற்றுக் கலன் ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். அதுவரை கடலடி வேலை பித்தளைத் தலைக்கவசமும் ஈயக் காலணியும் அணிந்த தொழில்முறை மூழ்காளர்களின் கையில் இருந்தது. புதிய கருவி, நீச்சல் தெரிந்த எவரும் கடலடிக்குப் போய்வரலாம் என்ற நிலையை ஏற்படுத்தியது. ஆனால் கற்றுக்கொடுக்க ஆளில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து உயிருக்கே உலை வைத்துவிடும் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

சங்கம் முதலில் கையிலெடுத்தது இந்தக் குறையைத்தான். ஊருக்கு ஊர் கிளைகள் அமைந்தன. ஒவ்வொரு கிளையும் வாரத்தில் ஒரு மாலை நகராட்சி நீச்சல் குளத்தை வாடகைக்கு எடுத்து, மூத்த உறுப்பினர்களைக் கொண்டே புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. கற்றுக்கொடுப்பவருக்குச் சம்பளம் கிடையாது. கலன்களில் காற்று நிரப்பும் இயந்திரத்தையும் படகையும் கூட்டாக வாங்கிக்கொண்டார்கள். 1962 டிசம்பரில் கலிபோர்னியாவின் கேட்டலினா தீவருகே, சுமார் 300 மீட்டர் ஆழத்துக்கான சோதனை ஒன்றில் பீட்டர் ஸ்மால் இறந்தார். அந்தத் தசாப்தத்திலேயே சங்கம் மூழ்கல் விபத்துகளைத் திரட்டத் தொடங்கியது. அவை ஆண்டறிக்கைகளாக வெளியாகின்றன. பிழை செய்தவரின் பெயரைச் சொல்லாமல் பிழையை மட்டும் ஊரறிய எழுதிவைக்கும் இந்த வழக்கம், சங்கத்தின் மற்றப் பணிகள் அளவுக்குப் பேசப்படுவதில்லை. பொதுநலன் என்று பார்த்தால் அவற்றுக்கு அது சற்றும் குறைந்ததல்ல.

தொடக்கக் கால உறுப்பினர்களைக் கடலின் காவலர்கள் என்று சொல்ல முடியாது. ஈட்டித் துப்பாக்கியால் மீன் குத்துவதும், மூழ்கிய கப்பலின் பித்தளைச் சாளரத்தைக் கழற்றி வீட்டு வரவேற்பறையில் மாட்டுவதும் அந்நாளில் பெருமைக்குரிய செயல்கள். 1967இல் சில்லித் தீவுகளருகே, 1707இல் மூழ்கிய ‘அசோசியேஷன்’ என்ற போர்க்கப்பலைக் கடற்படையைச் சேர்ந்த மூழ்காளர்கள் கண்டுபிடித்தார்கள். செய்தி பரவியதும் நாணயங்களுக்கும் பீரங்கிகளுக்கும் போட்டி மூண்டது. வெடிவைத்துப் பாறையைப் பிளந்தவர்களும் உண்டு. என்ன எங்கே கிடந்தது என்ற குறிப்பு பெரும்பாலும் இல்லாமலே பொருட்கள் கரையேறின.

ஏறத்தாழ அதே காலத்தில் போர்ட்ஸ்மவுத் அருகே நடந்த கதை வேறு. சவுத்சீ கிளையைச் சேர்ந்த அலெக்சாண்டர் மெக்கீ, இராணுவ வரலாறு எழுதுபவர். 1965இல் தம் கிளை நண்பர்களைக் கொண்டு சொலன்ட் நீரிணையில் மூழ்கிய கப்பல்களைத் தேடும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய முக்கிய இலக்கு, இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ‘மேரி ரோஸ்’. 1545 ஜூலை 19 அன்று பிரெஞ்சுக் கடற்படையோடு நடந்த மோதலில் மூழ்கிய கப்பல் அது. 1836இல் ஜான் டீன் என்ற மூழ்காளர் அங்கிருந்து சில பீரங்கிகளை எடுத்ததோடு இடமே மறந்துபோயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைபடம் ஒன்றில் இருந்த குறியும், 1967இல் பொறியாளர் ஹெரால்ட் எட்ஜெர்ட்டனின் ஒலியலைக் கருவி சேற்றுக்கடியில் காட்டிய மேடும் ஒத்துப்போயின. உடனே யாரும் அங்கே தோண்டிச் சூறையாடிவிடக் கூடாது என்பதற்காக, மெக்கீயின் குழு அந்தக் கடலடி நிலத்தையே அரசுச் சொத்து நிர்வாகத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்தது. சட்டம் வருவதற்கு முன்பே ஒரு பொழுதுபோக்குக் கூட்டம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட வேலி அது. ‘அசோசியேஷன்’ விவகாரத்தோடு ஒப்பிடும்போது இந்த ஒரு செயலே மெக்கீயின் தரத்தைக் காட்டப் போதுமானது.

வார விடுமுறைகளில் தீயணைப்புக் குழாய் நீரால் சேற்றைக் கரைத்துத் தேடினார்கள். 1971 மே 5 அன்று, குளிர்காலப் புயல்கள் அரித்த இடத்தில், பெர்சி ஆக்லண்ட் என்ற மூழ்காளரின் கண்ணில் கப்பலின் விலாக்கட்டைகள் பட்டன. அகழாய்வாளர் மார்கரெட் ரூல் அதன்பின் தாமே மூழ்கக் கற்றுக்கொண்டார். மூழ்காளர்கள் கொண்டுவரும் செய்தியை மட்டும் நம்பிக் கரையில் உட்கார்ந்து அகழாய்வு நடத்த முடியாது என்பதை அவர் சரியாகவே உணர்ந்திருந்தார்.

1979 முதல் ‘ஸ்லைப்னர்’ என்ற மீட்புக் கப்பலை மேலே நிறுத்தி முழு அகழாய்வு நடந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தன்னார்வ மூழ்காளர்கள் பங்கேற்றார்கள்; மூழ்கல்களின் எண்ணிக்கை சுமார் 28,000. ஆழம் பெரிதல்ல, பதினைந்து மீட்டருக்குள்தான். கலங்கல்தான் தொல்லை, சில நாட்களில் நீட்டிய கையே தெரியாது. உறிஞ்சுகுழாய் ஒரு பக்கம் வண்டலை இழுக்க, மூழ்காளர் விரல்களால் மெல்லத் துழாவி, கிடைத்த பொருளின் இடத்தை அளவு நாடாவால் குறிப்பார். மேலே வந்ததும் ஈரம் காயும் முன் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். நெடுவிற்கள், பேன் சீப்புகள், கப்பல் மருத்துவரின் பெட்டி என எல்லாம் இப்படித்தான் இடம் மாறாமல் வரலாற்றுக்குள் வந்தன. 1982 அக்டோபர் 11 அன்று கப்பலின் எஞ்சிய பகுதி மேலே தூக்கப்பட்டது.

இதற்கிடையே கப்பற்சிதைவுப் பாதுகாப்புச் சட்டம் 1973இல் நிறைவேறி, மேரி ரோஸ் கிடந்த இடமும் மறு ஆண்டே அதன் பாதுகாப்பில் வந்தது. மூழ்காளர்களின் பார்வையும் கப்பலிலிருந்து உயிரினங்களுக்கு நகர்ந்தது. 1977 நீரடிப் பாதுகாப்பு ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அதன் தொடர்ச்சியாக உருவான அமைப்பே 1983இல் கடல் பாதுகாப்புச் சங்கம் என்ற பெயரைப் பெற்றது. அது ஒருங்கிணைக்கும் ‘சீசர்ச்’ திட்டத்தில், பயிற்சி பெற்ற மூழ்காளர் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறிப்பெடுக்கிறார்: அடித்தளம் பாறையா, சரளையா, சேறா, எந்தக் கடற்பாசி, எந்த உயிரினம், ஒவ்வொன்றும் ‘மிக ஏராளம்’ முதல் ‘அரிது’ வரையிலான ஆறு படிகளில் எந்தப் படி. கருவி காட்டிய ஆழத்தைக் கரையேறிய பின் ஓத அட்டவணையைப் பார்த்துத் திருத்துகிறார்கள். ஓத ஏற்றம் பல மீட்டர் இருக்கும் கடலில், இந்தத் திருத்தம் இல்லாத ஆழக் கணக்கை வேறொரு நாளின் கணக்கோடு ஒப்பிட முடியாது.

இப்பதிவுகள் தேசிய உயிரினத் தரவகத்தில் சேர்கின்றன. 2009ஆம் ஆண்டின் கடல் மற்றும் கடலோர அணுகல் சட்டப்படி 2013இல் 27 கடல் பாதுகாப்பு மண்டலங்கள் அறிவிக்கப்பட்டன. 2019க்குள் இங்கிலாந்தைச் சுற்றி அவை 91 ஆயின. மண்டலங்களுக்கு ஆதாரமான தரவுகளில் தன்னார்வலர்களின் பதிவுகளும் உண்டு.

தன்னார்வ மூழ்காளர்களின் பணியின் எல்லையையும் சட்டமே வரைந்திருக்கிறது. ஊதியத்துக்காக மூழ்குபவர் ஒருவர் இருந்தாலும் 1997ஆம் ஆண்டின் பணியிட மூழ்கல் விதிகள் பாய்கின்றன. சம்பளமின்றி மூழ்கும் சப்-அக்வா சங்கத்தார் அவற்றுக்கு வெளியே நிற்கிறார்கள். நீரில் சடலமோ தடயமோ தேடும் வேலையைக் காவல்துறையின் சொந்த மூழ்கல் பிரிவுகள் பார்த்துக்கொள்கின்றன.

தரவுக்கும் ஓர் எல்லை உண்டு. விடுமுறை நாளில் மூழ்குபவர் அழகான பாறைத்திட்டையும் படகு எளிதில் போகும் இடத்தையுமே தேர்ந்தெடுப்பார். வெறும் சேற்று வெளிக்கு யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. அதனால் சீசர்ச் வரைபடத்தில் ஓரிடம் வெற்றாக இருப்பது அங்கே உயிர் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அங்கே மூழ்காளர் போகவில்லை என்பதே அதன் பொருள். இத்தரவைப் பயன்படுத்தும் ஆய்வாளர் இதைக் கணக்கில் கொண்டாக வேண்டும்.